டியூன் எழுதுபவர்களே, கியர்பாக்ஸுக்கு உண்மையான டார்க்கைச் சொல்லுங்கள்

பெறுநர்: அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டிகளுக்கு இன்ஜின் டியூன் எழுதி விற்கும் நிறுவனங்களும், தனியாக இத்தொழிலைச் செய்துவரும் டியூனர்களும்.

அன்புடையீர், வணக்கம்.

ஃபோர்டு, செவ்ரோலே, ராம் டீசல் பிக்கப்களின் இன்ஜின் கணினியில் எரிபொருள் அளவையும் டர்போ அழுத்தத்தையும் மாற்றி எழுதி, வண்டிக்குக் கூடுதல் வலுவைக் கொடுப்பது உங்கள் தொழில். அந்த வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். உங்கள் டியூன் ஏறிய வண்டிகளில் ஒரு பகுதி, சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ கழித்து எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேர்கிறது. கியர்பாக்ஸைத் திறந்தால் கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பூச்சு கருகியிருக்கும். இடையிலுள்ள ஸ்டீல் தட்டுகளில் நீலம் பாய்ந்திருக்கும். ஆயில் சட்டியின் அடியில் கரிய துகள் சேறாகப் படிந்திருக்கும். வண்டியின் உரிமையாளர் பெரும்பாலும் டிரெய்லர் இழுத்துப் பிழைப்பவராக இருப்பார். கியர்பாக்ஸ் தரமற்றது என்று நம்பிக்கொண்டிருப்பார். பல நேரங்களில் அந்தக் கியர்பாக்ஸ் தனக்குச் சொல்லப்பட்ட கணக்குப்படி மிகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. தவறு, அதற்குச் சொல்லப்பட்ட கணக்கில் இருந்தது.

டியூனே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நன்றாக எழுதப்பட்ட டியூன்கள் உண்டு என்பதையும், அவற்றோடு நெடுங்காலம் நலமாக ஓடும் வண்டிகள் உண்டு என்பதையும் நான் அறிவேன். இன்ஜின் உண்மையில் எவ்வளவு டார்க், அதாவது சுழற்றும் விசை, தருகிறது என்பதைக் கியர்பாக்ஸ் கணினியிடமிருந்து மறைக்கும் டியூனை எழுதாதீர்கள், விற்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்கும் டியூன்கள் தூய காற்றுச் சட்டத்துக்குப் புறம்பானவை என்பது உங்களுக்குத் தெரியும்; அதற்கு முந்தைய பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் அக்கருவிகள் அகற்றப்பட்டிருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. அது தனி வழக்கு. இம்மடல் சட்டத்துக்கு உட்பட்டு விற்கப்படும் டியூன்களைப் பற்றியது.

முதலில், வண்டி தயாரிப்பவர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1996ஆம் ஆண்டின் டாட்ஜ் ராமில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜினை மேனுவல் கியர்பாக்ஸோடு வாங்கியவருக்கு 215 குதிரைத்திறன் கிடைத்தது. அதே இன்ஜினை ஆட்டோமேட்டிக்கோடு வாங்கியவருக்கு 180தான். 2013இல் 6.7 லிட்டர் கம்மின்ஸ் ஒரே இன்ஜினாக இருந்தும் மூன்று அளவுகளில் வந்தது. மேனுவல் கியர்பாக்ஸோடு 660 பவுண்டு-அடி டார்க், 68ஆர்எஃப்இ ஆட்டோமேட்டிக்கோடு 800, ஐசின் நிறுவனத்தின் ஏஎஸ்69ஆர்சி ஆட்டோமேட்டிக்கோடு 850. 2019இல் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது: 68ஆர்எஃப்இக்கு 850, ஐசினுக்கு 1,000. இன்ஜினால் முடியாததால் எண் குறைக்கப்படவில்லை. பின்னால் நிற்கும் கியர்பாக்ஸ் எதைத் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்ப இன்ஜினைக் கட்டுப்படுத்தினார்கள். "அதே இன்ஜின்தானே, ஐசின் வண்டிக்குக் கொடுத்ததை இதற்கும் கொடுத்தால் என்ன?" என்று கேட்டு விற்கப்படும் டியூன்கள் இந்த ஒரு செய்தியை வாங்குபவரிடம் சொல்வதில்லை.

தயாரிப்பாளர்களும் மென்பொருளால் மட்டும் வலுவை ஏற்றியதுண்டு. 2011ஆம் ஆண்டின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி, 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு 390 குதிரைத்திறனும் 735 பவுண்டு-அடியுமாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டுக்குள் அது 400 குதிரைத்திறன், 800 பவுண்டு-அடி என உயர்த்தப்பட்டது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அந்த மென்பொருள் இலவசமாகத் தரப்பட்டது. ஆனால் அங்கே இன்ஜினும் 6ஆர்140 கியர்பாக்ஸும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. எந்தக் கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து எழுதும் உங்களுக்கு அந்த அறிவு முழுமையாகக் கிடைப்பதில்லை. அதனாலேயே உங்கள் கவனம் அவர்களுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு கிளட்சும் எவ்வளவு டார்க்கைப் பிடித்து நிறுத்தும் என்பதை நான்கு காரணிகள் தீர்மானிக்கின்றன: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, அவற்றின் சராசரி ஆரம், உராய்வுக் கெழு, பிஸ்டனைத் தள்ளும் ஆயிலின் விசை. முதல் மூன்றும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டவை. வண்டி ஓடும்போது மாற்றக்கூடியது ஆயில் அழுத்தம் ஒன்றுதான். கியர்பாக்ஸ் கணினி இந்த அழுத்தத்தை எப்போதும் உச்சத்தில் வைத்திருப்பதில்லை. வைத்தால் மெதுவாக ஓட்டும்போதும் ஒவ்வொரு கியர் மாற்றமும் இடிபோல் விழும், பம்பும் வீணாகச் சுமை இழுக்கும். எனவே இன்ஜின் கணினி நொடிக்குப் பல முறை அனுப்பும் டார்க் மதிப்பைப் பார்த்து, அதைத் தாங்கும் அளவுக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் மட்டும் அழுத்தம் தருகிறது.

இந்த டார்க் மதிப்பு அளந்து பெறப்படுவதில்லை என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை கன மில்லிமீட்டர் டீசலைத் தெளிக்கிறோம், இன்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்ற விவரங்களைக் கொண்டு இன்ஜின் கணினி அதைக் கணக்கிட்டுச் சொல்கிறது. இங்கேதான் பல டியூன்கள் குறுக்குவழியில் போகின்றன. 90 கன மில்லிமீட்டர் கேட்டால் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற அட்டவணையை நீட்டி எழுதிவிட்டால், கணினி 90 என்று நினைத்துக்கொண்டு 120 தெளிக்கும். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயான ரெயிலின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் சிறு பெட்டிகளும் இதையேதான் செய்கின்றன: அழுத்தம் போதவில்லை என்று நம்பும் கணினி அதை ஏற்றுகிறது, டீசல் கூடுதலாகப் பாய்கிறது, கணக்கேட்டில் பழைய எண்ணே நிற்கிறது. இரண்டு வழியிலும் கியர்பாக்ஸுக்குப் போகும் செய்தி பொய்யாகிவிடுகிறது. ஐம்பது கிலோ மூட்டை என்று சொல்லி எண்பது கிலோவைச் சுமைதூக்குபவரின் தலையில் ஏற்றுவதற்கு ஒப்பான செயல் இது.

அதன் விளைவைக் கணக்காகவே பாருங்கள். ஒரு கியர் மாற்றத்தின்போது ஒரு கிளட்ச் 1,000 நியூட்டன் மீட்டர் டார்க்கைக் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 740 பவுண்டு-அடி, இன்றைய டீசல் பிக்கப்புக்குப் புதிதல்ல. பிளேட்டுகளுக்கு இடையிலான வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 600 சுற்றிலிருந்து சீராகக் குறைந்து, அரை நொடியில் பூஜ்யமாகிறது என்றால், அந்த அரை நொடியில் பிளேட்டுகளில் சேரும் வெப்பம் ஏறத்தாழ 15.7 கிலோஜூல். அழுத்தம் போதாமல் அதே மாற்றம் ஒரு முழு நொடி இழுத்தால் வெப்பம் இரு மடங்காகிறது. கியர் விழுந்த பிறகும் நழுவல் நிற்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 1,000 நியூட்டன் மீட்டரில் நிமிடத்துக்கு வெறும் 200 சுற்று நழுவினால்கூட தொடர்ச்சியாக 21 கிலோவாட், அதாவது 28 குதிரைத்திறன், உராய்வுப் பூச்சிலேயே வெப்பமாகிறது. காகித இழையால் ஆன ஒரு மெல்லிய பூச்சு இதை எவ்வளவு நேரம் தாங்கும்?

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசனோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் இடம், டிரெய்லர் இழுப்பவர்கள் எல்லோரும் அறிந்த சோதனைக்களம். 11,000 அடிக்கும் மேலான உயரத்துக்கு, 7 விழுக்காடு சரிவுகளில், முழுச் சுமையோடு ஏறும்போது நழுவத் தொடங்கும் கிளட்சுக்கு ஆறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. சமதளத்தில், சுமையில்லாமல், ஓரிரு முறை மிதித்துப் பார்த்து "அருமையாக இழுக்கிறது" என்று எழுதப்படும் பாராட்டுகள் இந்த ஏற்றத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

டார்க் அறிக்கை பொய்யாகும்போது பழுதாவது அழுத்தம் மட்டுமல்ல. மேல் கியருக்கு மாறும் கணத்தில் கியர்பாக்ஸ் கணினி, "சிறிது நேரம் டார்க்கை இந்த அளவுக்குக் குறை" என்று இன்ஜின் கணினியிடம் கேட்கிறது. எரிபொருள் ஒரு கணம் குறைக்கப்படுகிறது. புதிய கிளட்ச் பிடித்துக்கொண்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஓட்டுநர் இதை உணர்வதே அரிது. டியூன் செய்த வண்டியில், கேட்கப்பட்ட எண்ணுக்கு இன்ஜின் இறங்கிவிட்டதாகத் தன் கணக்குப்படி சொல்லும். உண்மை டார்க் அதைவிட உயரத்தில் நிற்கும். போதாததற்கு, இந்தக் குறைப்பை அறவே நீக்கிவிடுவதை ஒரு சிறப்பம்சமாகவே உங்களில் சிலர் விளம்பரப்படுத்துகிறீர்கள். கியர் மாறும்போது இழுவை தளராமல் இருப்பது ஓட்டுபவருக்கு இன்பமாகத்தான் இருக்கும். அந்த இன்பத்துக்கான விலையை ஒவ்வொரு முறையும் கிளட்ச் கொடுக்கிறது. பந்தயத்துக்கென்று உள்ளுறுப்புகளை மாற்றிக் கட்டப்பட்ட கியர்பாக்ஸுக்கு அது பொருந்தலாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கியர்பாக்ஸுக்கு அதை விற்பதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கியர் மாறும் நேரமும் குழம்புகிறது. எந்த வேகத்தில் அடுத்த கியருக்குப் போவது, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை அதன் உள்ளேயுள்ள பூட்டுக் கிளட்சால் எப்போது பூட்டுவது என்பதைப் பல கியர்பாக்ஸ்கள் ஆக்ஸிலரேட்டர் மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்பதையும் வண்டியின் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றன. டியூனுக்கு முன் பாதி மிதியில் கிடைத்த இழுவை, டியூனுக்குப் பின் கால்வாசி மிதியிலேயே கிடைத்துவிடுகிறது. கால்வாசி மிதி என்றால் ஓட்டுநர் நிதானமாகப் போகிறார் என்றுதான் கியர்பாக்ஸுக்குப் பொருள். அது சீக்கிரமே மேல் கியருக்கு ஏறி, குறைந்த சுற்றிலேயே கன்வெர்ட்டரைப் பூட்டிவிடுகிறது. பாதி மிதிக்குரிய டார்க், கால்வாசி மிதிக்குரிய அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் பூட்டுக் கிளட்சின் மேல் விழுகிறது. வண்டியில் ஒரு நடுக்கம் தோன்றுகிறது. நெடுஞ்சாலையில் சக்கரம் கரடுமுரடான தளத்தில் ஓடுவதுபோல் இருக்கும். வாடிக்கையாளர்கள் டயரை மாற்றிப் பார்ப்பார்கள், புரொப்பெல்லர் ஷாஃப்டைச் சமன் செய்து பார்ப்பார்கள். பூட்டுக் கிளட்ச் நழுவுகிறது என்ற பிழைக்குறி விழும்போது கன்வெர்ட்டரின் உள்ளே பெரும் பகுதி தேய்ந்து, அந்தத் துகள் கியர்பாக்ஸ் முழுக்கப் பரவியிருக்கும்.

இவற்றையெல்லாம் விட எனக்கு வருத்தம் தருவது, சேதம் நீண்ட காலம் வெளியே தெரிவதில்லை என்பது. இன்றைய கியர்பாக்ஸ் கணினி ஒவ்வொரு மாற்றத்தையும் கவனித்து, இழுத்தால் அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டி, கிளட்ச் நிரம்பும் நேரத்தைத் திருத்தி, தானாகக் கற்றுக்கொள்கிறது. பிளேட்டு தேய்வதை ஈடுகட்டத் தரப்பட்ட அந்தத் திறனை, பொய்யான டார்க் எண்ணை ஈடுகட்டுவதிலேயே அது செலவழித்துவிடுகிறது. டியூன் ஏற்றிய புதிதில் கியர் கொஞ்சம் இழுத்து, சில நாட்களில் "செட் ஆகிவிட்டது" என்று உரிமையாளர் மகிழ்வது இதனால்தான். திருத்தத்தின் எல்லை முடிந்ததும் திருத்த வழியில்லை. கணினி எதிர்பார்க்கும் கியர் விகிதமும் உண்மையான விகிதமும் ஒத்துப்போகாமல், கியர் விகிதப் பிழைக்குறி விழுகிறது, வண்டி லிம்ப் மோடுக்குப் போகிறது, அதாவது தன்னைக் காத்துக்கொள்ள கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஆலிசன் 1000 கியர்பாக்ஸ் பொருத்திய, டுராமேக்ஸ் டீசல் இன்ஜின் கொண்ட செவ்ரோலே வண்டிகளின் உரிமையாளர்கள் இந்த லிம்ப்பை நன்றாக அறிவார்கள். அதைச் சிலர் ஆலிசனின் பலவீனம் என்று பேசுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நழுவலைக் கண்டதும் தன்னைப் பூட்டிக்கொண்டு கிளட்சைக் காப்பாற்ற முயலும் கியர்பாக்ஸ் அது. அந்தப் பிழைக்குறியை மட்டும் அணைத்துத் தரச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளருக்கு, தயவுசெய்து இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் தரப்பின் பதில் ஒன்று எனக்குத் தெரியும், அதில் உண்மையும் இருக்கிறது. உண்மை டார்க்கை அப்படியே அறிவித்தால், கியர்பாக்ஸ் கணினியில் எழுதப்பட்டிருக்கும் உச்சவரம்பு குறுக்கே நிற்கும். அது டார்க்கைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும், கொடுத்த வலு ஓட்டுநருக்குக் கிடைக்காது. அதனால்தான் எண்ணை மறைக்கிறோம் என்பீர்கள். அந்த வரம்பை வைத்தவர்களுக்கு அதற்கான காரணம் இருந்தது என்பதே என் மறுமொழி. வரம்பைத் தாண்டத்தான் வேண்டும் என்றால், கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகளைப் பலப்படுத்தி, அதன் கணினியையும் எழுதி, வெளிப்படையாகத் தாண்டுங்கள். பல வண்டிகளில் கியர்பாக்ஸ் கணினியை எழுத வழி இருக்கிறது; இன்ஜின் கோப்பையும் கியர்பாக்ஸ் கோப்பையும் ஒன்றாகவே எழுதித் தரும் டியூனர்கள் உங்களிடையே இருக்கிறார்கள், அவர்களுடைய வண்டிகளை நாங்கள் அரிதாகவே பார்க்கிறோம். கணினி பூட்டப்பட்டு எழுத முடியாத வண்டிகளில், தொழிற்சாலை விட்டுவைத்த சிறு இடைவெளிக்குள் அடங்கும் டியூனைத் தவிர வேறெதையும் விற்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

எண்ணை மறுபக்கம் திரித்து, உள்ளதைவிடக் கூடுதல் டார்க்கை அறிவித்து, எப்போதும் உயர் அழுத்தத்தில் வைத்திருப்பதும் தீர்வல்ல. மெல்லப் போகும்போதும் கியர் அடித்து விழும். சீல்களும் டிரம்களும் அந்த அடியை வாங்கும். பம்ப் கூடுதலாக உழைத்து ஆயிலைச் சூடாக்கும். ஒரே தகடு கொண்ட பூட்டுக் கிளட்சின் பிடிக்கு ஒரு வரம்பு உண்டு, அழுத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது இரட்டிப்பாகிவிடாது.

1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 12 வால்வு கம்மின்ஸின் காலத்தில் இந்தக் குறையை யார்மேலும் சுமத்த முடியாது. டீசல் செலுத்தும் பி7100 பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் தட்டை மாற்றி வலு ஏற்றினார்கள். இன்ஜினின் சுமையைப் பற்றிக் கியர்பாக்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் த்ராட்டில் எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பது மட்டுமே. உண்மையைச் சொல்ல அன்று வழியே இல்லை. இன்று இரண்டு கணினிகளும் ஒரே கம்பியில் இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன. அந்த உரையாடலில் என்ன சொல்லப்பட வேண்டும் என்பது இன்று உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு டியூனோடும், இன்ஜின் தரும் உச்ச டார்க் எவ்வளவு, கியர்பாக்ஸ் கணினிக்கு அறிவிக்கப்படும் உச்ச டார்க் எவ்வளவு என்ற இரு எண்களையும் வாங்குபவர் கண்ணில் படும்படி அச்சிடுங்கள். குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் போட உங்களுக்குத் தயக்கமில்லை. இந்த இரண்டுக்கும் அதே அளவு எழுத்தைக் கொடுங்கள். எந்தக் கியர்பாக்ஸுக்கு, அதிலும் பிரிக்கப்படாத கியர்பாக்ஸுக்கா பலப்படுத்தியதற்கா, இந்தக் கோப்பு எழுதப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். 68ஆர்எஃப்இ வண்டிக்கும் ஐசின் வண்டிக்கும் ஒரே கோப்பை அனுப்பாதீர்கள். மாற்றத்தின்போதான டார்க் குறைப்பை நீக்கும் வசதியைத் தொழிற்சாலைக் கியர்பாக்ஸ் வண்டிகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். டியூன் ஏற்றியபின் கியர்பாக்ஸ் தன் கற்றலை முதலிலிருந்து தொடங்கும் முறையை வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் சுமைப் பயணத்தில் ஆயில் வெப்பத்தையும் கன்வெர்ட்டர் நழுவலையும் பதிவு செய்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்தபின்பே கோப்பை இறுதி செய்யுங்கள். உங்களில் கவனமானவர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள் என்பதால், இது முடியாத காரியம் என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன்.

உத்தரவாதம் பற்றியும் வாடிக்கையாளரிடம் உண்மையைப் பேசுங்கள். வெளியார் பொருளைப் பொருத்திய ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்கக்கூடாது என்று 1975ஆம் ஆண்டின் மாக்னஸன்-மாஸ் சட்டத்தைக் காட்டி நீங்கள் சொல்வது சரி. பழுதுக்கு அந்தப் பொருளே காரணமாக இருந்தால் அச்சட்டம் காப்பாற்றாது என்ற மறுபாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியின் கணினி தன் மென்பொருளுக்குரிய சரிபார்ப்பு எண்ணைக் கேட்டவுடன் தந்துவிடும். பழைய கோப்பைத் திரும்ப ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பிப் போகிறவர், பழைய கோப்பு ஏறியிருந்தாலும் கருகிய பிளேட்டுகளோடுதான் போய் நிற்கிறார்.

இந்த இரண்டு எண்களையும் வெளியிடும் டியூனர் யாராக இருந்தாலும், அவர் கோப்பு ஏறிய வண்டிகளில் நாங்கள் காணும் நழுவல் பதிவுகளையும், பிரித்த கிளட்ச் பிளேட்டுகளின் அளவுகளையும், உரிமையாளரின் ஒப்புதலோடு, கட்டணமில்லாமல் அவருக்கு அனுப்பித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். எந்தக் கியரில், எந்தக் கிளட்சில் தேய்மானம் தொடங்குகிறது என்பது கோப்பு எழுதுபவருக்குத் தெரிந்தால், அடுத்த பதிப்பில் அதைத் திருத்த முடியும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர்